கிராண்ட் ஜூரி சேவை: உள்ளே உட்கார்ந்து பார்த்தவனின் விமர்சனம்

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழர்களில் பலர் ஜூரி டியூட்டிக்குப் போயிருப்பார்கள். காலையில் போய் ஒரு பெரிய ஹாலில் காத்திருந்து, மாலையில் "நீங்கள் தேவையில்லை, போகலாம்" என்று அனுப்பப்பட்டிருப்பார்கள். கிராண்ட் ஜூரி அந்த வேலை இல்லை; ஒருவர் மீது வழக்கு நடத்தலாமா என்று முன்கூட்டியே பார்க்கும் குடிமக்கள் குழு அது. ஃபெடரல் (மத்திய அரசின்) கிராண்ட் ஜூரி ஒன்றில் நான் இருந்திருக்கிறேன். எந்த ஊர், எந்த நீதிமன்றம் என்று இங்கே எழுத மாட்டேன். உள்ளே என்ன வழக்கு வந்தது, யார் என்ன சாட்சி சொன்னார்கள், எங்களில் யார் எப்படி வாக்களித்தோம் என்பதையெல்லாம் சொல்லச் சட்டம் விடாது, பதவிக்காலம் முடிந்த பிறகும் விடாது. ஆனால் இந்தச் சேவை எப்படி நடக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பது விதிப் புத்தகத்திலும் தீர்ப்புகளிலும் எல்லோரும் படிக்கக் கிடைக்கும் விஷயம். நான் எழுதுவது அதைப் பற்றித்தான்.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு வழக்கறிஞர் கையில் இருக்கும் கருவி என்று பார்த்தால் ஐந்துக்கு ஐந்து. அங்கே போய் உட்காரும் குடிமகனின் அனுபவம் என்று பார்த்தால் மூன்று. யாரைக் காப்பதற்காக இதை அரசியல் சாசனத்தில் எழுதி வைத்தார்களோ, அந்தக் குற்றம் சாட்டப்படும் மனிதருக்கு ஒன்றரை. அந்த ஒன்றரைகூட, தன் அதிகாரம் என்னவென்று தெரிந்த ஜூரர்கள் சிலர் அந்த அறையில் இருந்தால்தான்.

அடிப்படை இதுதான். ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று கிராண்ட் ஜூரி தீர்ப்புச் சொல்வதில்லை. அவர் மீது வழக்கு நடத்துவதற்குப் போதுமான முகாந்திரம் இருக்கிறதா என்பதை மட்டும் பார்க்கிறது. ஃபெடரல் நீதிமன்றங்களில் குழுவில் 16 முதல் 23 பேர் இருப்பார்கள், 12 பேர் சரி என்றால் குற்றப்பத்திரிகை நிற்கும். ஒரே மனதான முடிவு தேவையில்லை, சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணமும் தேவையில்லை. அரசியல் சாசனத்தில் 1791-ல் சேர்க்கப்பட்ட ஐந்தாவது திருத்தம், பெரிய குற்றங்களுக்கு ஒருவர் மீது வழக்கு போட வேண்டுமானால் முதலில் கிராண்ட் ஜூரியைத் தாண்டி வர வேண்டும் என்று சொல்கிறது. இது ஃபெடரல் அரசை மட்டுமே கட்டுப்படுத்தும், மாநிலங்களை அல்ல. 1884-ல் ஹுர்ட்டாடோ வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. அதனால் மாநிலத்துக்கு மாநிலம் இந்தச் சேவையின் தரம் மாறுகிறது, அதைப் பிறகு சொல்கிறேன். இதன் வேர் இங்கிலாந்தில், 1166-ல் இரண்டாம் ஹென்றி மன்னர் போட்ட ஆணையில் இருக்கிறது. அந்த இங்கிலாந்தே 1933-ல் சட்டம் போட்டு இதை ஏறக்குறைய முழுவதுமாகக் கைவிட்டது.

சரி, போகிறவருக்கு எப்படி இருக்கும்? நீளம்தான் பெரிய பிரச்சினை. ஃபெடரல் கிராண்ட் ஜூரியின் காலம் 18 மாதம் வரை, தேவைப்பட்டால் இன்னும் ஆறு மாதம் நீட்டலாம். தினமும் போக வேண்டியதில்லை, வாரத்துக்கு ஒரு நாள், மாதத்துக்குச் சில நாள் என்று இடத்துக்கு இடம் வேறுபடும். ஒரு நாளைக்கு 50 டாலர் தருகிறார்கள், 45 நாளைத் தாண்டினால் 60 வரை தரலாம், பயணச் செலவு தனி. வேலை கொடுத்தவர் இதற்காக உங்களை வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்று ஃபெடரல் சட்டம் சொல்கிறது, ஆனால் அந்த நாட்களுக்குச் சம்பளம் தர வேண்டும் என்று சொல்வதில்லை. மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கும் தனியாகச் சிறுதொழில் நடத்துபவருக்கும் இது பெரிய அடி. விலக்குக் கேட்டு அவர்கள் ஒதுங்கிவிட்டால் அறையில் ஓய்வு பெற்றவர்களும் நல்ல கம்பெனி வேலையில் இருப்பவர்களுமே மிஞ்சுவார்கள், ஊரின் உண்மையான முகம் அங்கே இருக்காது. இந்தக் கட்டணத்தை உயர்த்தாமல் மக்கள் பிரதிநிதித்துவம் பற்றிப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

முதல் நாள் நீதிபதி வருவார், சத்தியப் பிரமாணம் செய்து வைப்பார், குழுத் தலைவரை நியமிப்பார், நீங்கள் சுதந்திரமானவர்கள், அரசின் கை அல்ல என்று தெளிவாகச் சொல்வார், பிறகு போய்விடுவார். அதற்கப்புறம் அந்த அறையில் நீதிபதி கிடையாது. சாட்சியம் நடக்கும்போது உள்ளே இருக்கலாம் என்று ஃபெடரல் குற்றவியல் நடைமுறை விதிகளில் ஆறாவது விதி அனுமதிப்பது அரசு வழக்கறிஞர், சாட்சி, பதிவு செய்பவர், தேவையானால் மொழிபெயர்ப்பாளர், அவ்வளவுதான். எதிர்த்தரப்பு வக்கீல் இல்லை. சாட்சியின் சொந்த வக்கீலுக்குக்கூட இடமில்லை; அவர் வாசலுக்கு வெளியே காத்திருப்பார், சாட்சி வேண்டுமானால் எழுந்து வெளியே போய் அவரிடம் கேட்டுவிட்டுத் திரும்பி வரலாம். யார் மீது குற்றப்பத்திரிகை கேட்கிறார்களோ அவருக்கு அங்கே வந்து பேசும் உரிமை கிடையாது, தன்னைப் பற்றி ஒரு கிராண்ட் ஜூரி கூடியிருக்கிறது என்பதே பல நேரம் அவருக்குத் தெரியாது. விவாதமும் வாக்கெடுப்பும் நடக்கும்போது மட்டும் ஜூரர்கள் தவிர மற்றவர்கள் வெளியே போக வேண்டும்.

யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. மீதிப் பாதி கொஞ்சம் நுணுக்கமானது, வெளியில் இருப்பவர்களுக்கு எளிதில் தெரியாது. அந்த அறையில் சட்டம் தெரிந்த ஒரே ஆள் அரசு வழக்கறிஞர்தான். எந்த வழக்கு எப்போது வரும் என்று முடிவு செய்பவர் அவர், எந்தச் சாட்சியைக் கூப்பிடுவது என்று தேர்ந்தெடுப்பவர் அவர், குற்றப்பத்திரிகையை எழுதிக் கொண்டுவருபவர் அவர், "இந்தச் சட்டப் பிரிவுக்கு என்ன அர்த்தம்?" என்று நீங்கள் கேட்டால் விளக்கம் சொல்பவரும் அவரே. மாதக்கணக்கில் அதே முகங்களைப் பார்க்கிறீர்கள், அவர்கள் மரியாதையாகப் பேசுகிறார்கள், தயாராக வருகிறார்கள், பொறுமையாக விளக்குகிறார்கள். ஒரு கட்டத்தில் அவர் ஒரு தரப்பு என்பதே மறந்துபோய், பாடம் நடத்தும் ஆசிரியரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்க்கத் தொடங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. இதில் எந்த மோசடியும் வேண்டாம், மிரட்டலும் வேண்டாம். தகவல் ஒரே வாசல் வழியாக வந்தால் முடிவும் அந்த வாசலைப் பார்த்தே போகும். இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை என்று நான் நினைப்பது இதைத்தான், மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

உச்ச நீதிமன்றம் இதைச் சரி செய்யவில்லை, இன்னும் தளர்த்தியது. 1956-ல் கோஸ்டெல்லோ வழக்கில், செவிவழிச் சாட்சியத்தை மட்டுமே வைத்துக்கூடக் குற்றப்பத்திரிகை நிற்கும் என்றார்கள். அதாவது நேரில் பார்த்தவர் வர வேண்டாம், விசாரித்த அதிகாரி வந்து "அவர் என்னிடம் இப்படிச் சொன்னார்" என்றால் போதும். 1974-ல் கலாண்ட்ரா வழக்கில், சட்டவிரோதத் தேடுதலில் கிடைத்ததைப் பற்றியும் கிராண்ட் ஜூரி கேள்வி கேட்கலாம் என்றார்கள். 1992-ல் வில்லியம்ஸ் வழக்கில், குற்றம் சாட்டப்படுபவருக்குச் சாதகமான ஆதாரம் கையில் இருந்தாலும் அதைக் கிராண்ட் ஜூரிக்குக் காட்ட அரசு வழக்கறிஞருக்குக் கட்டாயம் இல்லை என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அரசு வழக்கறிஞர்கள் வேலை பார்க்கும் அமைச்சகமான நீதித் துறையின் உள் கையேடு, வலுவான சாதக ஆதாரம் இருந்தால் காட்டச் சொல்கிறதுதான். ஆனால் காட்டாமல் விட்டால் அதற்காக வழக்கைத் தள்ளுபடி செய்ய முடியாது. அந்த வில்லியம்ஸ் தீர்ப்பிலேயே, கிராண்ட் ஜூரி அரசின் மூன்று கிளைகளில் எதற்கும் சொந்தமானது இல்லை, மக்களின் அமைப்பு என்று நீதிபதி ஸ்கேலியா எழுதியிருக்கிறார். மக்களின் அமைப்பு என்றால் மக்கள் தரப்பில் ஒரு வக்கீலாவது உள்ளே வேண்டாமா என்பது என் கேள்வி.

ஒரு எண்ணைச் சொல்லாமல் விட முடியாது. அரசு வெளியிட்ட கணக்கின்படி 2010-ல் ஃபெடரல் வழக்கறிஞர்கள் சுமார் 1,62,000 வழக்குகளை நடத்தினார்கள், கிராண்ட் ஜூரி மறுத்தது என்ற காரணத்தால் கைவிடப்பட்டவை 11. நியாயமாகச் சொன்னால் இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஜூரர்கள் தூங்கினார்கள் என்று சொல்லக் கூடாது. பலவீனமான வழக்கை வழக்கறிஞர்கள் கொண்டுவரவே மாட்டார்கள், கடைசியில் குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் விசாரணை ஜூரி முன்னால் தோற்க யாருக்கும் விருப்பம் இல்லை. சிறு குற்றங்கள் கிராண்ட் ஜூரிக்கு வருவதும் இல்லை, பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அரசோடு உடன்பாடு செய்துகொண்டு அந்த உரிமையையே விட்டுக்கொடுக்கிறார்கள். இதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும், 11 என்பது வடிகட்டும் ஒரு சேவையின் எண் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அப்புறம் கையெழுத்து. ஃபெடரல் குற்றப்பத்திரிகையில் அரசு வழக்கறிஞர் கையெழுத்துப் போட்டால்தான் அது செல்லும். ஜூரர்கள் 23 பேரும் ஒருமனதாக ஒருவர் மீது வழக்கு வேண்டும் என்றாலும், அவர் மாட்டேன் என்றால் முடிந்தது. இதற்கு மிகக் கசப்பான உதாரணம் கொலராடோவில் டென்வர் அருகே இருந்த ராக்கி ஃப்ளாட்ஸ் அணு ஆயுத ஆலை. அங்கே அணுகுண்டுகளுக்கான புளூட்டோனியப் பாகங்கள் செய்தார்கள். 1989 ஜூனில் எஃப்.பி.ஐ. சோதனை போட்டது, ஒரு சிறப்பு கிராண்ட் ஜூரி அமர்த்தப்பட்டது, அவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக உட்கார்ந்து சுற்றுச்சூழல் குற்றங்களைப் பற்றிய சாட்சியங்களைக் கேட்டார்கள். ஆலையை நடத்திய ராக்வெல் நிறுவன ஆட்கள் மீதும் எரிசக்தித் துறை அதிகாரிகள் மீதும் வழக்கு வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள். அரசு வழக்கறிஞர் கையெழுத்துப் போட மறுத்தார். 1992-ல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 1 கோடியே 85 லட்சம் டாலர் அபராதம் கட்டியது, தனி மனிதர் யாரும் கூண்டில் ஏறவில்லை. ஜூரர்கள் தாங்களே ஓர் அறிக்கை எழுதினார்கள், நீதிபதி அதை வெளியிடவில்லை, பிறகு அது பத்திரிகைக்குக் கசிந்தது. குழுத் தலைவராக இருந்த வெஸ் மெக்கின்லி ஒரு பண்ணைக்காரர், பின்னாளில் கொலராடோ சட்டமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த மனிதர்கள் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது, கூடவே கோபமும் வருகிறது. வேலையை முழு மனதோடு செய்தவர்களுக்குக் கிடைத்தது பூட்டிய கதவு.

எதிர்த் திசையிலும் பாருங்கள். 2020-ல் கென்டக்கியின் லூயிவில்லில், பிரியானா டெய்லர் என்ற பெண் தன் வீட்டில் போலீஸ் சுட்டு இறந்த வழக்கு. கிராண்ட் ஜூரி ஒரே ஒரு போலீஸ்காரர் மீது, அதுவும் பக்கத்து வீட்டுக்குள் குண்டு பாய்ந்ததற்காக, குற்றம் சாட்டியது. மற்ற இரண்டு பேர் சுட்டது நியாயம்தான் என்று கிராண்ட் ஜூரி ஒப்புக்கொண்டதாக, வழக்கைக் கொண்டுவந்த மாநில அட்டர்னி ஜெனரல் டேனியல் கேமரன் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். சில நாட்களில் ஜூரர் ஒருவர் பெயர் சொல்லாமல் நீதிமன்றம் போய், பேச அனுமதி கேட்டார், நீதிபதி அனுமதித்தார். அவர் சொன்னது: கொலைக் குற்றச்சாட்டுகள் எங்கள் முன் வைக்கப்படவே இல்லை. அதாவது மேசையில் எதை வைக்கக் கூடாது என்று முடிவு செய்தவர் ஒருவர், "ஜூரி முடிவு செய்தது" என்று சொல்லிப் பொறுப்பை இறக்கி வைத்தவரும் அவரே. 2014-ல் மிசௌரியின் ஃபெர்குசனில், மைக்கேல் பிரவுன் என்ற இளைஞரைப் போலீஸ் அதிகாரி ஒருவர் சுட்டுக் கொன்ற வழக்கில், வேறு விதம். அங்கே வழக்கறிஞர் எல்லா ஆதாரத்தையும் கொண்டுவந்து கொட்டினார், மூன்று மாதம், 60 சாட்சிகள், சுட்ட அதிகாரியே வந்து சாட்சி சொன்னார், முடிவில் வழக்கு இல்லை. எல்லாத் தரப்பையும் காட்டுவது நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான். ஆனால் சாதாரண மனிதர் ஒருவர் மீதான வழக்கு அதே மாதிரி அறையில் ஓர் அதிகாரியின் சாட்சியோடு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடலாம். எந்த வழக்குக்கு எந்த அளவு கவனம் என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்று பார்த்தால் மறுபடியும் அதே ஆள்.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் இதை ஒழிக்கச் சொல்லவில்லை. காரணம், மறுக்கும் அதிகாரம் உண்மையானது. 1681-ல் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு மீது தேசத்துரோக வழக்கு போட மன்னர் தரப்பு துடித்தபோது லண்டன் கிராண்ட் ஜூரி முடியாது என்றது. 1734-ல் நியூயார்க்கில் ஆளுநரை விமர்சித்த அச்சகர் ஜான் பீட்டர் ஸெங்கர் மீதும் கிராண்ட் ஜூரி குற்றம் சாட்ட மறுத்தது, அரசு வேறு வழியில் வழக்கு போட்டுத்தான் அவரை விசாரணைக்கு இழுக்க வேண்டியிருந்தது. 1935-ல் நியூயார்க்கில் ஒரு கிராண்ட் ஜூரி, கும்பல் குற்றங்களை டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி (மாவட்ட அரசு வழக்கறிஞர்) டாட்ஜ் சரியாக விசாரிக்கவில்லை என்று முடிவு செய்து, அவருடைய ஆட்களை ஒதுக்கிவிட்டு, சிறப்பு வழக்கறிஞர் வேண்டும் என்று கேட்டது. ஆளுநர் லேமன் தலையிட, தாமஸ் டூயி வந்தார், கும்பல்கள் மீதான பெரிய வழக்குகள் அதன் பிறகுதான் நகர்ந்தன. இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2025 ஆகஸ்டில் வாஷிங்டன் டி.சி.யில், ஃபெடரல் அதிகாரி மீது சாண்ட்விச்சை எறிந்த ஒருவர் மீது கடுங்குற்ற வழக்குக்கு அரசு கேட்டபோது கிராண்ட் ஜூரி மறுத்துவிட்டது. அரசு அதைச் சிறு குற்றமாக மாற்றித் தொடர்ந்தது, நவம்பரில் விசாரணை ஜூரி அவரை விடுவித்தது. அதே கோடையில் அதே நகரத்தில் இன்னொருவர் வழக்கை மூன்று தடவை கொண்டுபோனார்கள், மூன்று தடவையும் குற்றப்பத்திரிகை கிடைக்கவில்லை. இப்படித் திரும்பத் திரும்பக் கொண்டுபோகச் சட்டம் இடம் கொடுக்கிறது என்பது ஒரு குறை. ஆனால் மூன்று தடவையும் மறுப்பு வந்தது என்பது, சாதாரண மனிதர்கள் விழித்திருந்தால் இந்தக் கேடயம் வேலை செய்யும் என்பதற்குச் சாட்சி.

சாட்சிகளைக் கட்டாயமாக வரவழைக்கும் அழைப்பாணை பற்றிச் சுருக்கமாக. கிராண்ட் ஜூரியின் பெயரில் போகும் அழைப்பாணைகளைப் பெரும்பாலும் ஜூரர்கள் பார்ப்பதே இல்லை, வழக்கறிஞர் அலுவலகமே அனுப்புகிறது. வர மறுப்பவரையோ, பேசாமல் இருக்கச் சட்ட உரிமை இல்லாமல் வாய் திறக்க மறுப்பவரையோ நீதிமன்ற அவமதிப்புக்காக 18 மாதம் வரை சிறையில் வைக்கலாம். தன் தகவலாளர் பெயரைச் சொல்ல மறுத்து 2005-ல் நிருபர் ஜூடித் மில்லர் 85 நாள் சிறையில் இருந்தார். இவ்வளவு பெரிய அதிகாரம் நம் பெயரில் ஓடுகிறது என்பதை ஜூரர்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

மாநிலங்களில் தரம் எப்படி மாறுகிறது என்று சொன்னேன் அல்லவா. நியூயார்க்கில் குற்றம் சாட்டப்படுபவர் தானே வந்து சாட்சி சொல்லும் உரிமை உண்டு, அவருடைய வக்கீலும் உள்ளே உட்காரலாம். ஃபெடரல் முறையைவிட இது எவ்வளவோ மேல். பென்சில்வேனியாவில் விசாரிக்கும் கிராண்ட் ஜூரி என்று ஒன்று உண்டு, 2018-ல் கத்தோலிக்க மறைமாவட்டங்கள் ஆறில் 300-க்கும் மேற்பட்ட பாதிரியார்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் செய்ததை வெளியே கொண்டுவந்த அறிக்கை அப்படி வந்ததுதான். பெரும்பாலான குற்றங்கள் காலாவதியாகிவிட்டன, வழக்குப் போட முடியவில்லை, ஆனாலும் உண்மை ஊர் அறிய எழுதப்பட்டது. கலிபோர்னியாவின் 58 கவுன்டிகளிலும் ஆண்டுதோறும் சிவில் கிராண்ட் ஜூரி அமர்கிறது, பெரும்பாலும் 19 பேர், உள்ளூர் அரசு அலுவலகங்களையும் சிறைகளையும் பார்த்து அறிக்கை எழுதுவார்கள், சம்பந்தப்பட்ட அமைப்பு 90 நாளுக்குள் பதில் எழுதியாக வேண்டும். கலிபோர்னியாவில் இருக்கும் தமிழர்கள் இதற்குத் தாங்களே விண்ணப்பிக்கலாம், நேரம் இருப்பவர்கள் கட்டாயம் விண்ணப்பியுங்கள்.

ஆனால் என் மனதுக்கு மிகவும் சரியாகப் படுவது ஹவாய் செய்தது. 1978-ல் தங்கள் மாநில அரசியல் சாசனத்திலேயே, கிராண்ட் ஜூரிக்கு ஆலோசனை சொல்லத் தனி வக்கீல் வேண்டும், அவர் அரசு ஊழியராக இருக்கக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். சட்டம் பற்றிச் சந்தேகம் வந்தால் ஜூரர்கள் அவரைக் கேட்கலாம், வழக்கை நடத்துபவரையே கேட்க வேண்டியதில்லை. ஃபெடரல் முறைக்கு இந்த ஒன்றை மட்டும் கொண்டுவந்தால் என் மதிப்பெண் அன்றே உயரும்.

அதுவரை, உங்களுக்குத் தபால் வந்தால் தப்பிக்கப் பார்க்காதீர்கள், போங்கள். நீதிமன்றம் தரும் கையேட்டை முழுவதும் படியுங்கள். சாட்சியிடம் நீங்களே கேள்வி கேட்கலாம், கேளுங்கள். அதிகாரி சொன்னது அவர் பார்த்ததா, யாரோ சொல்லிக் கேட்டதா என்று கேளுங்கள். வேறு சாட்சி வேண்டும் என்று தோன்றினால் சொல்லுங்கள், சந்தேகம் தீராவிட்டால் குழுத் தலைவர் மூலம் நீதிபதியிடமே போகலாம். இவருக்குச் சாதகமாக ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று அரசு வழக்கறிஞரின் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். காட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை, ஆனால் கேட்கக் கூடாது என்று உங்களை யாரும் தடுக்க முடியாது. வாக்கெடுப்புக்கு முன் அவர் வெளியே போய்க் கதவு சாத்தியதும் அவசரப்படாமல் பேசுங்கள், முகாந்திரம் போதவில்லை என்று பட்டால் கை தூக்காதீர்கள்.